கலங்கிய காலத்தில் புத்தகங்களையும் கொண்டுவா



பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரியின் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசி நிருபத்தை நீங்கள் அறிவீர்கள். மரணம் அருகில் நிற்கிறது. தோழர்களில் பலர் விலகிப் போய்விட்டார்கள். அந்த நிலையில் அவர் கேட்டனுப்பியவை இரண்டு: துரோவாவில் விட்டுவந்த மேலங்கியும், புஸ்தகங்களும் (2 தீமோ. 4:13). குளிருக்கு மேலங்கி வேண்டும் என்பது விளங்குகிறது. மரணத்தை எதிர்நோக்கி இருப்பவருக்குப் புத்தகங்கள் எதற்கு? சில வாரங்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிச் சென்றபோது, நம்முடைய திருச்சியின் வரலாறே எனக்கு ஒரு வழியைக் காட்டியது.

நம் நகரின் தூய யோவான் ஆலயத்தில் பேராயர் ரெஜினால்ட் ஹீபரின் கல்லறை இருக்கிறது. திரித்துவ ஞாயிறன்று உலகெங்கும் பாடப்படும் புகழ்பெற்ற ஆங்கிலத் துதிப்பாடலை எழுதிய கவிஞர் அவர். 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இங்கே, 42 வயதில், திடீரென்று மரித்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் தஞ்சாவூரில் ஈஸ்டர் ஆராதனையை நடத்தி, இரண்டாம் சரபோஜி மன்னரைச் சந்தித்திருந்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி வியந்து அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. வேதியியலில் லவாய்சியரையும், தாவரவியலில் லின்னேயஸையும் மன்னர் சரளமாக மேற்கோள் காட்டினாராம். ஷேக்ஸ்பியரைப் பற்றிய அவருடைய மதிப்பீடு, பைரன் பிரபுவின் மதிப்பீட்டைவிடச் சரியாக இருந்ததாம்.

அந்த மன்னர் யாரென்று நினைத்துப் பாருங்கள். 1799ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்தவர். கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும் மட்டுமே அவருக்கு எஞ்சின. கையிலிருந்த நாடு போனபின் கசப்பில் காலம் கழித்திருக்கலாம். அவரோ ஏடுகளைச் சேர்த்தார். 1820 முதல் 1822 வரை காசி யாத்திரை சென்றபோதும் சுவடிகளோடு திரும்பினார். மராத்தி, சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு ஏடுகளோடு ஐரோப்பிய மொழிகளின் நூல்களும் அவருடைய அலமாரிகளில் அமர்ந்தன. கண் நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் குறிப்புகளைப் படங்களோடு எழுதிவைக்கச் செய்தார். இன்று நாம் சரசுவதி மகால் நூலகம் என்று அழைப்பது அவர் வளர்த்த அந்தக் களஞ்சியமே.

இந்த வாசிப்பின் விதை திருச்சியில் ஊழியம் செய்த ஒரு போதகரிடமிருந்து வந்தது. பிரஷ்யாவில் பிறந்த கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1750இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1762இல் திருச்சிக்கு வந்தார். போர்க்காலம் அது. இங்கே வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பினார். தமிழைக் கற்றபின் இந்நாட்டுச் சமய நூல்களைப் பல ஆண்டுகள் வாசித்தார். பாரசீகமும் இந்துஸ்தானியும் மராத்தியும் கற்றார். தன்னோடு பேசுகிறவன் எதை நம்புகிறான் என்பதை அவனுடைய ஏட்டிலிருந்தே அறிய விரும்பினார். அதன் பலன் 1779இல் வெளிப்பட்டது. சென்னை அரசாங்கம் ஹைதர் அலியிடம் தூதனுப்ப நினைத்தபோது, அவர் நம்பி ஏற்றுக்கொள்ளக்கூடியவராகக் கிடைத்தவர் இந்தப் போதகரே. மறு ஆண்டில் போர் மூண்டது; தூது அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் பகைவரின் படைகளுக்கு நடுவே தடையின்றிச் சென்றுவர அவருக்கு அனுமதி இருந்தது.

சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளைகளில் இருவரை நாம் மறக்கலாகாது. ஒருவர் இளவரசர் சரபோஜி. மற்றவர் திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகம். பின்னாளில் அவர் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார். தரங்கம்பாடியில் வேதசாஸ்திரத்தோடு வானசாஸ்திரம், கணிதம் ஆகியவற்றையும் கற்றார். 1800இல் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். குறவஞ்சி என்பது குற்றாலநாதரைப் பாடிய வடிவம். அரண்மனையிலும் கோயிலிலும் ஆடப்பட்டது. அதை அந்நியம் என்று ஒதுக்காமல், குறத்தியின் வாயால் நற்செய்தியைப் பாடவைத்தார். அதற்குள்ளேயே கோள்களையும் பூமியின் அமைப்பையும் விவரித்தார். கும்மியும் ஏற்றப்பாட்டும் அவர் கையில் ஞானப்பாட்டுகளாயின. பல துறைகளை வாசித்த ஒருவராலேயே இது கூடும்.

இங்கே நான் நிறுத்தியிருந்தால் கதை இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் உண்மை முழுவதையும் சொல்லாமல் போதகன் எழுதலாகாது.

புதிய மிஷனெரிமார் தஞ்சைக்கு வந்து, ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமரவேண்டும், கர்த்தருடைய பந்தியில் ஒரே பாத்திரத்திலிருந்து பானம்பண்ணவேண்டும் என்றபோது, சாஸ்திரியார் அதை எதிர்த்தார். 1829இல் சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதியும் வைத்தார். வானத்தின் கோள்களை அளந்தவர், ஆலயத்தின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்த சகோதரனின் துயரத்தை அளக்கவில்லை. எத்தனையோ துறைகளை அவர் கற்றிருந்தார். ஆயினும் அந்தச் சகோதரன் தன் கையால் எழுதிய புத்தகம் ஒன்றும் அவருடைய அலமாரியில் இருந்திராது என்று எண்ணுகிறேன். இதை அவரைக் குற்றப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் அலமாரிகளில் யாருடைய குரல் இல்லை என்று பார்ப்பதற்காகவே சொல்லுகிறேன். சாஸ்திரியாருக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைக்கிறது. பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு' கிறிஸ்தவ சபைக்குள் ஒரு தலித் பெண் பட்ட வேதனையைச் சொல்லும் நூல். அது கையெட்டும் தூரத்தில் இருந்தும் நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்?

என் குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் ஒரு நாவலைக் கொண்டுவந்து, அதிலிருந்த கேள்வி ஒன்றைக் குறித்து என்னோடு பேச விரும்பினான். "வேதம் போதாதா, தம்பி?" என்றேன். பக்தியான பதில் என்றே அப்போது நினைத்தேன். அதன்பின் அவன் என்னிடம் எந்தக் கேள்வியையும் கொண்டுவரவில்லை. பாபிலோனில் தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான் (தானி. 1:4), ஆனாலும் தன் தேவனை விட்டுவிடவில்லை. பவுல் ஏதென்ஸில் கிரேக்கப் புலவர்களை எடுத்துப் பேசினார் (அப். 17:28). அவர்கள் அஞ்சாததற்கு நான் அஞ்சினேன்.

இன்று நமக்குப் படையெடுப்பு இல்லை. ஆனாலும் மனங்கள் கலங்கியிருக்கின்றன. காலையில் எழுந்ததும் கைபேசியைத் திறக்கிறோம். நாம் ஏற்கெனவே அஞ்சுவதையும் வெறுப்பதையும் உறுதிசெய்யும் செய்தியே வருகிறது. வாசித்துவிட்டு அப்படியே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். நம் கே.கே. நகர் உழவர் சந்தைக்குச் செல்லும் எவரும் ஆண்டு முழுவதும் ஒரே காயை வாங்கிவந்து வீட்டாருக்கு உணவிடுவதில்லை. மனதுக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்?

ஆகையால் இந்த மாதத்திற்கு ஒரு சிறு வேண்டுகோள். வேத தியானத்தை விடாதீர்கள். அதுவே நம் அஸ்திபாரம். அதோடு, ஒரு வரலாற்று நூலையும், ஒரு கதையையோ கவிதையையோ, உங்களோடு கருத்து வேறுபடும் ஒருவர் எழுதிய நூலையும் எடுத்து வாசியுங்கள். பிள்ளைகள் ஏதேனும் புத்தகத்தோடு உங்களிடம் வந்தால், அதை வாங்கிப் பாருங்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அந்த இளைஞன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இன்று அவன் என் வாசலுக்கு வந்தால், நாற்காலியைக் காட்டி, "முதலில் அந்த நாவலைக் கொடு, தம்பி, வாசித்துவிட்டுப் பேசுவோம்" என்று சொல்வேன்.

சிறையிலும் புஸ்தகங்களைக் கேட்ட பவுலின் தேவன், உங்கள் கண்களையும் இருதயத்தையும் விசாலமாக்குவாராக. ஆமென்.