தென்னமெரிக்க நாடுகளின் ஆண்டுப் பணவீக்கம்: ஒப்பீட்டு எண்களின் வரலாற்றுச் சிக்கல்கள்

திறவுச்சொற்கள்: பணவீக்கம், நுகர்வோர் விலைக் குறியீட்டெண், தென்னமெரிக்கா, புள்ளியியல் வரலாறு.

முன்னுரை

ஒரு கண்டத்து நாடுகளின் ஆண்டுப் பணவீக்க விழுக்காடுகளை ஒரே அட்டவணையில் நிரல்படுத்தி, எந்நாட்டின் நிலை மோசமானது எனத் தீர்ப்பளிப்பது பொருளியல் வரலாற்று எழுத்தில் பெருவழக்காக உள்ளது. அவ்வெண்கள் எவ்வாறு கணக்கிடப்பட்டன, எவரால் வெளியிடப்பட்டன என்னும் வினாக்களையும் சேர்த்தே ஒப்பீடு அமைதல் வேண்டும் என்பதைத் தென்னமெரிக்கச் சான்றுகளின்வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன் அயல்கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தபின், தென்னமெரிக்க நாடுகளுக்கும் புதிய கடன்கள் அருகின. அரசுகள் பற்றாக்குறையைப் பணத்தாள் அச்சிட்டு ஈடுசெய்தன. விலைகள் விரைந்து ஏறியமையால், வரி வசூலாகி வருவதற்குள் அதன் மதிப்பும் கரைந்தது. பற்றாக்குறை மேலும் பெருகியது.

கணக்கீட்டு முறைகள்

ஆண்டுப் பணவீக்கத்தை இருவகையாகக் கணக்கிடலாம். ஓராண்டின் சராசரி விலைமட்டத்தை முந்தைய ஆண்டின் சராசரியோடு ஒப்பிடுவது ஒன்று. டிசம்பர் விலைமட்டத்தை முந்தைய டிசம்பரோடு ஒப்பிடுவது மற்றொன்று. அமைதிக் காலத்தில் இவ்விரண்டிற்கும் இடையே வேறுபாடு சிறிதே. மிகைப் பணவீக்கக் காலத்திலோ அது முடிவையே மாற்றிவிடும்.

பொலிவியாவின் 1985ஆம் ஆண்டுப் பணவீக்கம் சராசரி முறையில் சுமார் 11,750 விழுக்காடு. டிசம்பர் முறையில் சுமார் 8,170 விழுக்காடு. 1989இல் அர்ஜென்டீனாவின் சராசரி எண் சுமார் 3,080. 1990இல் பிரேசிலின் சராசரி எண் சுமார் 2,950. இவ்வெண்களை மட்டும் நோக்குவோர் இரு நாடுகளின் துயரும் ஏறத்தாழ ஒன்றே எனக் கருதுவர். டிசம்பர் முறையிலோ அர்ஜென்டீனா 4,924, பிரேசில் 1,621 என மும்மடங்கு இடைவெளி தோன்றுகிறது. அர்ஜென்டீனாவில் விலையேற்றம் 1989 சூலையில் உச்சமடைந்தது. பிரேசிலில் 1990 மார்ச்சிலேயே உச்சம் கடந்துவிட்டது. சராசரி முறை முந்தைய ஆண்டின் ஏற்றத்தையும் தன்னுள் ஏற்றுக்கொள்வதால் இவ்வேறுபாடு எழுகிறது.

எண்களின் நம்பகத்தன்மை

2007 முதல் அர்ஜென்டீனாவின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தில் அரசு தலையிட்டது. அதிகாரபூர்வ எண் 10 விழுக்காட்டை ஒட்டியே நிற்க, சில மாகாணப் புள்ளியியல் அலுவலகங்களின் எண்கள் அதனினும் இரு மடங்காக இருந்தன. குறைந்த எண்ணால் பணவீக்கத்தோடு பிணைக்கப்பட்ட கடன் பத்திரங்களுக்கான தொகை குறைந்தது. வறுமைக்கோட்டின் மதிப்பும் தாழ்ந்ததால் ஏழைகள் பலர் கணக்கிலிருந்தே மறைந்தனர். 2013இல் பன்னாட்டு நாணய நிதியம் அந்நாட்டைக் கண்டித்தது. 2016இல் அக்கண்டனம் விலக்கப்பட்டது.

வெனிசுவேலாவின் 2018ஆம் ஆண்டிற்கு மைய வங்கி தந்த எண் 1,30,060 விழுக்காடு. எதிர்க்கட்சிப் பெரும்பான்மை கொண்ட தேசிய அவை தந்த எண் 16,98,488 விழுக்காடு. அட்டவணையில் எதனை இடுவது என்பதே ஓர் அரசியல் நிலைப்பாடாகிவிடுகிறது.

முடிவுரை

ஆண்டுப் பணவீக்க எண், விலையின் அளவீடாக மட்டுமின்றி, கணக்கீட்டு முறையின் விளைவாகவும் அரசதிகாரத்தின் ஆவணமாகவும் விளங்குகிறது. ஆதலின், ஒப்பீட்டு அட்டவணை அமைக்கும் ஆய்வாளர் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே கணக்கீட்டு முறையையும் வெளியிட்ட நிறுவனத்தையும் குறித்தல் இன்றியமையாதது. அவ்வாறு குறிக்கப்படாத அட்டவணை, கணக்கிலிருந்து மறைக்கப்பட்டோரை வரலாற்றிலிருந்தும் மறைத்துவிடும்.