அகித்தோப்பேலின் வழியில் ஒரு சுவீடன் தளபதி

சுவீடன் திருச்சபைக்கும் நமக்கும் உள்ள உறவை வாசகர்கள் நன்கறிவர். அந்நாட்டு வரலாற்றில் நம்மிடையே பேசப்படாத ஒருவரைத் திருமறையின் ஒளியில் நோக்குவதே என் எண்ணம்.

யோரான் மாக்னுஸ் ஸ்ப்ரெங்ட்போர்ட்டன் 1740இல் பின்லாந்தில் பிறந்தவர். பின்லாந்து அன்று சுவீடன் அரசின் பகுதி. 1772இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் ஆட்சியைத் தம் கைக்குள் கொண்டுவந்தபோது, தம் மூத்த சகோதரரான யாக்கோப் மாக்னுஸுடன் சேர்ந்து அவருக்குத் துணைநின்றார். பின்னர் கிழக்கெல்லையில் சவோ படையணியின் தலைமை கிடைத்தது. காடும் ஏரியும் நிறைந்த அம்மண்ணுக்கேற்ற போர்முறையை வீரர்களுக்குப் பழக்கினார். அவர் தொடங்கிய பயிற்சிக்கூடமே ஹாப்பானியேமி படைப்பள்ளியாக வளர்ந்தது. இவ்வளவு செய்தும் மன்னர் தமக்குரிய மதிப்பைத் தரவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்குள் முற்றியது; கடனும் நெருக்கியது. 1786இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் பணியில் சேர்ந்தார்.

துரோகி என்றதும் யூதாசே நம் நினைவுக்கு வருகிறான். இவருக்குப் பொருத்தமானவன் தாவீதின் ஆலோசகன் அகித்தோப்பேல். 2 சாமுவேல் 11:3ஐயும் 23:34ஐயும் இணைத்துப் பார்க்கும் உரையாசிரியர் பலர், தாவீது அபகரித்த பத்சேபாளின் பாட்டன் அவன் என்பர். அப்படியானால் தாவீதின்மேல் அவனுக்கிருந்த மனக்காயம் உண்மையானது. ஆயினும் தாவீதுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த மகன் அப்சலோமோடு அவன் சேர்ந்ததைத் திருமறை நியாயப்படுத்தவில்லை. காயம் வேறு, கைமாறிய வாள் வேறு.

சுவீடனுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூண்டிருந்த 1789 ஜூனில், பின்லாந்தின் மிக்கேலிக்கு அருகே, பொர்ராசால்மி நீரிணையில், ரஷ்யப் படையோடு வந்தார் ஸ்ப்ரெங்ட்போர்ட்டன். எதிரே நின்றது அவரே உருவாக்கிய சவோ படையணி. எண்ணிக்கையில் சிறிய அப்படை ரஷ்யரைத் தடுத்து நிறுத்தியது; ஸ்ப்ரெங்ட்போர்ட்டன் படுகாயமடைந்தார். சுவீடன் நீதிமன்றம் அவர் இல்லாமலே மரணதண்டனை விதித்தது.

அவருக்காக வாதாடுவோர், பின்லாந்தைத் தனிநாடாக்கவே அவர் விரும்பினார் என்பர். அந்த விருப்பம் பொய்யன்று. 1808இல் ரஷ்யா பின்லாந்தின்மேல் படையெடுத்தபோது அதற்கு ஆலோசனை கூறியவர் அவர். ரஷ்ய ஆட்சியில் பின்லாந்தின் முதல் கவர்னர் ஜெனரலும் அவரே. 1809இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் போர்வோவில் கூட்டிய சபையில் பின்லாந்தின் சட்டங்களும் லுத்தரன் சமயமும் காக்கப்படும் என உறுதியளித்தார். ஆனால் தம் மக்களிடையே வெறுக்கப்பட்ட ஸ்ப்ரெங்ட்போர்ட்டன், அவ்வாண்டே பதவியை விட்டார். 1819இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார்.

தாம் பழக்கிய பிள்ளைகள்மேல் அந்நியப் படையை நடத்தி வந்தவரைத் துரோகி என்றே நான் எழுதுவேன். நம் இறையியல் மாணவர்கள் 2 சாமுவேல் 15 முதல் 17 வரையுள்ள அதிகாரங்களை இவ்வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.