கதவில்லா வங்கிக்குக் காவல்

வங்கி என்றதும் இரும்புப் பெட்டகமும் கம்பியிட்ட கூண்டும் உங்கள் நினைவுக்கு வரும். 1995 அக்டோபர் 18 அன்று அமெரிக்காவில் செக்யூரிட்டி ஃபர்ஸ்ட் நெட்வொர்க் பாங்க் இணையம் வழியே கணக்குகளை நடத்தத் தொடங்கியது. அது ஒரு சேமிப்பு வங்கி. மக்களின் சேமிப்பைத் திரட்டி, பெரும்பாலும் வீட்டுக் கடனாகக் கொடுப்பவை இவ்வகை நிறுவனங்கள். 1980களில் இவை நூற்றுக்கணக்கில் நொடித்தன. ஆகவே 1989இல் இவற்றுக்கெனத் தனி மேற்பார்வை அலுவலகம் ஒன்றை அரசு நிறுவியது.

1999 ஜனவரியில் அவ்வலுவலகத்தின் மின்னணு விதி அமலுக்கு வந்தது. இணையத்தில் வட்டி விகிதத்தை விளம்பரப்படுத்த மட்டுமே தளம் என்றால் அறிவிப்பு வேண்டியதில்லை. பணம் மாற்றவோ கணக்குத் தொடங்கவோ அதில் வழி செய்தால், 30 நாள் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பெயர்ப்பலகை வேறு, கல்லாப்பெட்டி வேறு அல்லவா?

புதுக் கதவுக்குப் பூட்டுத் தேடியது சரிதான். ஆனால் ஆபத்து பழைய வழியிலேயே வந்தது! இணைய வங்கியான நெட்பாங்க் சுமார் 250 கோடி டாலர் சொத்துடன் 2007 செப்டம்பர் 28 அன்று மூடப்பட்டது. பழுது கணினியில் இல்லை. கொடுத்த வீட்டுக் கடன்கள் திரும்பவில்லை. அன்று வைப்புத்தொகைக்குக் காப்பீடு ஒரு லட்சம் டாலர் வரைதான். அதற்கு மேல் போட்டிருந்தவர்களின் மிகுதிப் பணம் காப்பீட்டுக்கு வெளியே நின்றது. 2011இல் மேற்பார்வை அலுவலகமே கலைக்கப்பட்டு, அதன் பணிகள் வேறு அமைப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன.