சல்லிக்குழியில் ஒரு மைதானம்

கோல்ப் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. ஆனாலும் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகருக்கு அருகிலுள்ள சேம்பர்ஸ் பே மைதானத்தின் கதையை என்னால் மறக்க முடியவில்லை.

கடலோரமான அந்த இடத்தில் பல தலைமுறைகளாக மணலும் சல்லியும் வெட்டினார்கள். கரை கரைந்து ஊர்களின் கட்டடமாயிற்று. மிஞ்சியது பெரும் பள்ளம். 1992-ல் பியர்ஸ் கவுண்டி நிர்வாகம் அதை வாங்கியபோது விளையாட்டா மனத்தில் இருந்தது? சாக்கடை நீரைச் சுத்திகரிக்க இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் குழுவினர் அமைத்த மைதானம் 2007-ல் திறந்தது.

ஸ்காட்லாந்தில் 'லிங்க்ஸ்' என்பது கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல்மேடு. உழவுக்கு உதவாததால் ஆட்டத்துக்கு வந்த நிலம். அங்கே காற்று குவித்த மேடுகளை இங்கே எந்திரங்கள் குவித்தன.

பொது மைதானம் என்று பெயர். ஆட்டக் கட்டணம் சாமானியனுக்கு எட்டாது. நல்லவேளை, நடுவே ஒரு நடைபாதை விட்டிருக்கிறார்கள். அதில் நடக்கக் காசு வேண்டாம்.

2015-ல் யு.எஸ். ஓபன் பந்தயம் இங்கே நடந்தது. ஜோர்டன் ஸ்பீத் ஜயித்தார். அவர் வென்ற பதினெட்டாவது குழியின் அருகே, சல்லியைத் தரம்பிரித்த கான்கிரீட் தொட்டிகள் இடிபடாமல் நிற்கின்றன. அவற்றை நிரப்பிய கூலிக்காரர் ஒருவர் பெயராவது யாருக்கேனும் தெரியுமோ?

மைதானம் முழுவதற்கும் ஒரே மரம், ஒரு பிர் மரம். 2008-ல் எவனோ அதைக் கோடாலியால் ஆழமாக வெட்டிவிட்டுப் போனான். மரம் பிழைத்துக்கொண்டது.