தாம்பரம் 1938: இரட்சிப்பைக் குறித்து எழுந்த வழக்கு

கிறிஸ்துவின் நாமத்தைக் கேளாமலே மரித்துப்போன தன் தாயின் கதி என்ன என்று ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் ஒருவர் கேட்பாராயின், அப்போஸ்தலர் 4:12ஐ வாசித்துக்காட்டி அமைந்துவிடலாம். கேள்வி அதனால் ஓய்வதில்லை. அதே நிருபகனாகிய லூக்கா, தேவன் தம்மைக்குறித்துச் சாட்சி விளங்கப்பண்ணாதிருந்ததில்லை என்னும் பொருளை 14ஆம் அதிகாரத்தில் பவுலின் வாயில் வைத்திருக்கிறான். இவ்விரு வசனங்களுக்கும் இடைப்பட்ட வழக்கு, நம் மண்ணிலேயே ஒருமுறை உலகத் திருச்சபையின் முன்னிலையில் விசாரிக்கப்பட்டது. அதன் வரலாற்றை ஈண்டுச் சற்றே நோக்குவோம்.

சர்வதேச அருட்பணி மன்றத்தின் மாநாடு சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெறுவதாக இருந்தது. 1937இல் ஜப்பான் சீனாவின்மேல் படையெடுத்தமையால் இடம் மாற்றப்பட்டது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போதுதான் நகரின் நெரிசலைவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, ஜான் ஆர். மாட் தலைமையில் 471 பிரதிநிதிகள் கூடினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் இளைய திருச்சபையினர். அருட்பணி மாநாடுகளின் வரலாற்றில் இது புதிது.

அதற்கு முந்திய தலைமுறையில் செல்வாக்குப் பெற்றிருந்தது நிறைவேற்றக் கோட்பாடு. 1910 எடின்பரோ மாநாட்டின் நான்காம் குழு அறிக்கையிலும், ஜே. என். பர்க்குவார் 1913இல் வெளியிட்ட ‘இந்து சமயத்தின் மகுடம்’ என்னும் ஆங்கில நூலிலும் இது தெளிவாகக் காணப்படுகிறது. பிற சமயங்களின் ஏக்கங்கள் கிறிஸ்துவில் நிறைவு பெறுகின்றன என்பது இதன் சாரம். 1932இல் அமெரிக்க விசுவாசிகளின் ஆய்வுக் குழு, ஹாக்கிங் தலைமையில் இன்னும் ஒருபடி மேலே சென்று, சமயங்கள் ஒன்றோடொன்று கூடி உண்மையைத் தேடவேண்டும் என்றது. இதனால் அருட்பணி இயக்கத்தில் பெருங்கலக்கம் உண்டாயிற்று. தாம்பரம் மாநாட்டிற்கு ஆயத்தமாக ஒரு நூல் எழுதும்படி ஹென்ட்ரிக் கிரேமர் என்னும் டச்சு அறிஞர் கேட்டுக்கொள்ளப்பட்டார்.

கிரேமர் குருவானவரல்லர், மொழியறிஞர். ஜாவாத் தீவில் வேதாகமச் சங்கத்தின் ஊழியராக நெடுங்காலம் பணியாற்றி, இஸ்லாமிய ஞானநெறியை மூலமொழியில் கற்றவர். நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அவரது நூல், கிறிஸ்துவில் தேவன் தந்த வெளிப்பாட்டுக்கும் மானிட சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று உறுதிபடக் கூறிற்று. சமயம் மனிதனின் சாதனை. சிலுவை அதன்மேல் விழும் நியாயத்தீர்ப்பு. வரலாற்றில் நாம் காணும் கிறிஸ்தவ சமயமும் அந்நியாயத்தீர்ப்புக்குத் தப்பவில்லை என்று அவர் எழுதியதை, அவரைப் பழிப்போரும் போற்றுவோரும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர்.

அவருடைய கடுமைக்குக் காரணம் ஐரோப்பாவில் இருந்தது. இனத்திலும் இரத்தத்திலும் தேசத்திலும் தேவ வெளிப்பாடு உண்டென்று ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ அந்நாட்களில் போதித்தனர். அதை மறுத்து 1934இல் பார்மன் அறிக்கை எழுந்தது. கிறிஸ்துவுக்கு வெளியே வேறொரு வெளிப்பாட்டுக்குக் கதவைச் சற்றே திறந்தாலும் ஹிட்லர் உள்ளே நுழைந்துவிடுவான் என்னும் அச்சம் அன்று வெறும் கற்பனையன்று. ஆயினும் திருவாசகத்தை ஓதிக் கண்ணீர் விடும் சைவரையும் நாஜியையும் ஒரே வாக்கியத்தால் அளக்க முடியுமா?

இக்கேள்வியை இந்த வடிவத்தில் அன்றி, இதே கூர்மையோடு எழுப்பியவர் ஏ. ஜி. ஹாக். எகிப்தில் அருட்பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, எடின்பரோவில் இறையியல் பயிலுகையில் ஐயங்களால் அலைக்கழிக்கப்பட்டு, அப்படிப்பையே விட்டவர் அவர். 1903இல் தத்துவ ஆசிரியராகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்து, 1928 முதல் 1938 வரை அதன் முதல்வராக இருந்தார். இராதாகிருஷ்ணன் அவருடைய மாணவர். கோட்பாடுகள் யாவும் ஆட்டங்கண்ட நாளிலும் தேவனைப் பற்றிக்கொள்ளும் பற்றுதல் நிலைக்கக்கூடும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவராதலால், விசுவாசம் வேறு, விசுவாசக் கொள்கைகள் வேறு என்று அவர் பிரித்தார். கொள்கைத் தொகுதியாகிய இந்து சமயத்தைக் கிறிஸ்தவன் மறுக்கலாம். ஆனால் ஓர் இந்துவின் உள்ளத்தில் மெய்யாகவே தேவனுக்குள் மறைந்திருக்கும் வாழ்வைக் கண்டால், அதை மனிதச் சாதனை என்று தள்ளுவதற்கு அவனுக்கு உரிமை ஏது? வெளிப்பாடு நிகழ்ந்தது என்பதில் அல்ல, வெளிப்பட்டது இன்னது என்பதிலேயே கிறிஸ்தவத்தின் தனித்தன்மை அடங்கியிருக்கிறது என்பது ஹாக்கின் வாதம். அவரது கட்டுரை 1939இல் தாம்பரம் நூல்வரிசையின் முதல் தொகுதியில் இடம்பெற்றது. கிரேமரின் நூல் பெற்ற புகழை அது பெறவில்லை. நம் கருத்தில் அதுவே ஆழமானது.

இந்தியரும் வாளாவிருக்கவில்லை. பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் கூடி, ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலை அவ்வாண்டிலேயே சென்னையில் வெளியிட்டனர். முன்னவர் நீதிபதி, பின்னவர் வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர். இருவருமே குருமார் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. இரட்சிப்பு என்பது பாவக்கடன் தீர்தல் மட்டுமன்று, பரிசுத்த ஆவியால் மானிடம் புதுச் சிருஷ்டியாதல் என்று செஞ்சையா வாதித்தார். கிரேமர் பேசும் தேவன் மனிதனுக்கு எட்டாத் தொலைவில் நிற்கிறார் என்பது அவருக்கிருந்த குறை.

ஆனால் இவர்கள் எவர் எழுத்திலும் நாம் தேடி நிறைவு காணாத ஒன்றுண்டு. அந்நாட்களில் கிராமங்களில் கூட்டங்கூட்டமாகத் திருச்சபையை நாடி வந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, இந்து சமயம் வேதாந்தமாகவோ பக்தியாகவோ முன்நிற்கவில்லை. அடைபட்ட கோயில் வாசலாகவும் தனிக் கிணறாகவும் நின்றது. 1935இல் இயோலாவில் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என அம்பேத்கர் அறிவித்திருந்தார். 1936இல் திருவிதாங்கூர்ப் பிரகடனம் ஆலயக் கதவுகளைத் திறந்தது. தாம்பரத்தின் இறையியல் விவாதமோ பெரும்பாலும் கற்றோரின் சமயத்தையே கண்முன் நிறுத்திற்று. இரட்சிப்பு என்னும் சொல்லைக் கேட்டவர் யார் என்று வினவியிருந்தால் விவாதம் வேறு திசையில் சென்றிருக்கும். அச்சொல்லும் நமக்கே உரியதன்று. காத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. பப்ரிசியுஸ் ஐயர் தம் மொழிபெயர்ப்பில் தேவனுக்கு வழங்கிய ‘பராபரன்’ என்னும் பெயரையே தாயுமானவரும் பாடினார். தொடர்ச்சியே இல்லை என்போர் தமிழில் வாய் திறந்து ஜெபிப்பதும் அரிது.

மாநாட்டின் அறிக்கை இரு தரப்பையும் ஒப்புரவாக்க இயலாமல் நேர்மையாக நின்றது. பிற சமயங்களில் தேவ ஒளியின் கீற்றுகள் உண்டென ஏற்றுக்கொண்டது. அச்சமயங்கள் முழு அமைப்புகளாக வெளிப்பாட்டைத் தாங்குகின்றனவா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் உடன்பாடில்லை என்று எழுதி, மேலும் ஆராயும்படி விட்டது. பின்னர் வந்த உலகப்போர் அவ்வாராய்ச்சியை நெடுநாள் தடுத்தது. 1971இல் உலகத் திருச்சபைகளின் மாமன்றம் உரையாடலுக்கெனத் தனிப் பிரிவை அமைத்து, ஸ்டான்லி சமார்த்தாவிடம் ஒப்புவித்தது. ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1988 ஜனவரியில் தாம்பரத்திலேயே மீண்டும் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடைபெற்றது. அடுத்த ஆண்டு சான் அன்டோனியோவில் கூடிய அருட்பணி மாநாடு, இயேசு கிறிஸ்துவையன்றி வேறு இரட்சிப்பின் வழியை நாம் சுட்ட இயலாது என்றும், தேவனுடைய இரட்சிக்கும் வல்லமைக்கு நாம் எல்லை வகுக்கவும் இயலாது என்றும் கூறிற்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இழுபறியை அது மறைக்கவில்லை, தீர்க்கவும் முயலவில்லை.