கதவை மீண்டும் தட்டியவர்

1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கலிபோர்னியாவின் நிபோமோ என்னும் ஊருக்கருகே, பட்டாணி பறிக்க வந்து பயிர் கெட்டதால் வேலையின்றிக் கிடந்த கூலிகளின் முகாமில், டோரதியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று பின்னாளில் உலகறிந்த அப்படத்தை நம் வாசகர்களில் பலர் எங்கேனும் கண்டிருக்கக்கூடும். லாங் அப்பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. வயதை மட்டும் குறித்துக்கொண்டார், 32. படங்கள் நாளிதழில் வெளியானதும் அரசு 20,000 பவுண்டு உணவுப்பொருளை அம்முகாமுக்கு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாயும் பிள்ளைகளும் பிழைப்புத் தேடி வேறிடம் சென்றுவிட்டிருந்தனர். 1978இல்தான் அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்றார் அவர். ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பவே இல்லை என்றும் சொன்னார்.

லாங்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அவர் அரசு ஊழியராக எடுத்த படம் அது. அதன் உரிமையும் அவருடையதன்று. பசித்தவர்க்கு உணவு போய்ச் சேர அவர் படம் காரணமாயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் பணத்தைப் பற்றிய முறையீட்டைக் காட்டிலும் பிரதியைப் பற்றிய முறையீடே நம்மை உறுத்துகிறது. காரணம் வெளிப்படை. நாட்டுப்புறப் பாடல்களை ஆய்வுப் பொருளாகக் கொண்ட மாணவர் சிலரை நாம் வழிநடத்தியிருக்கிறோம். களத்தில் பாடிக்கொடுத்த மூதாட்டியரின் பெயர்கள் ‘தகவலாளர் பட்டியல்’ என்ற தலைப்பின்கீழ்ப் பின்னிணைப்பில் ஏறும். ஆய்வேடு நான்கு படிகளாகத் தட்டச்சாகி, காலிக்கோ கட்டடம் பெற்றுத் துறைக்கும் நூலகத்துக்கும் போகும். பாடியவர் வீட்டுக்கு ஒரு படி போனதாக நினைவில்லை. போக வேண்டும் என்று நாம் சொன்னதாகவும் நினைவில்லை.

இந்த உறுத்தலோடு பார்க்கையில்தான் மில்டன் ரோகோவின் என்ற புகைப்படக்காரரின் வாழ்வு நமக்கு முக்கியமாகிறது. அவர் முழுநேரப் புகைப்படக்காரர் அல்லர். 1909இல் நியூயார்க்கில், குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்து, கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுக்கும் தொழிலைப் பயின்றவர். 1930களின் இறுதியில் பஃபலோ நகருக்கு வந்து, ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியை ஒட்டிக் கடை வைத்தார். தொழிற்சங்கப் பணிகளிலும் இடதுசாரி இயக்கத்திலும் ஈடுபட்டார். 1957இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணைக்குழு அவரை அழைத்தது. அவர் சாட்சி சொல்ல மறுத்தார். உள்ளூர் நாளிதழ் அவரை நகரத்துச் சிவப்பர்களின் தலைவராகவே சித்திரித்தது. கண்ணாடிக்கு வந்துகொண்டிருந்தோர் வரவைக் குறைத்துக்கொண்டனர். பேச வழியற்றுப்போன அந்நாளில்தான் அவர் கேமராவை உறுதியாகப் பற்றிக்கொண்டார். ஆசிரியையாகப் பணியாற்றிய மனைவி ஆன் ஈட்டிய சம்பளமே அக்காலத்தில் குடும்பத்தைத் தாங்கியது.

முதலில் எடுத்தவை, கடைகளாக இருந்த அறைகளில் கறுப்பின மக்கள் நடத்திய சிறு தேவாலயங்களின் படங்கள். அங்கே இசையைப் பதிவு செய்யப் போன ஒரு பேராசிரியர்தாம் அவரை உடன் அழைத்தார். பேராசிரியர் சில மாதங்களில் வேலையை முடித்துக்கொண்டார்; ரோகோவின் மூன்று ஆண்டுகள் போய்க்கொண்டே இருந்தார். 1962இல் அப்படங்கள் ‘அப்பெர்ச்சர்’ இதழில் வெளியானபோது முன்னுரை எழுதியவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். 1967இல் பாப்லோ நெருதாவின் யோசனைப்படி சிலி நாட்டின் சிலோயே தீவுக்குச் சென்று எடுத்த படங்களும் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது.

1972இல் தம் கடையைச் சுற்றியிருந்த கீழ் மேற்குப் பகுதியின் ஆறு தெருக்கட்டங்களில் அவர் படமெடுக்கத் தொடங்கினார். போர்ட்டோ ரிக்கோவினர், கறுப்பினத்தவர், செவ்விந்தியர், இத்தாலியர் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்த வறிய பகுதி அது. முதலில் மக்கள் அவரை நம்பவில்லை. காவல்துறையின் ஆளோ என்று ஐயுற்றனர். வேவு பார்க்கப்பட்டவரையே வேவுகாரர் என்று நினைத்தார்கள். அந்த ஐயத்தைத் தீர்க்க அவர் பேச்சு எதையும் நம்பவில்லை. எடுத்த படத்தை வீட்டின் இருட்டறையில் கழுவி, பிரதி போட்டு, எடுத்துப் போய் உரியவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். பிரதி கிடைத்தவர் அண்டை வீட்டாரிடம் காட்ட, அடுத்த கதவு திறந்தது.

எப்படி நிற்க வேண்டும், என்ன உடுக்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. கேமராவைப் பார்த்தால் போதும் என்பார். அவர் கையாண்ட ரோலிபிளக்ஸ், மேலிருந்து குனிந்து பார்க்கும் வகைக் கேமரா. படமெடுப்பவர் எதிரில் நிற்பவர்முன் தலை கவிழ்ந்தாக வேண்டும். இதைக் கருவியின் தற்செயல் என்றும் கொள்ளலாம். நமக்கென்னவோ அது அவருக்குப் பொருந்தியே இருந்தது.

1984இல் ஆன் துணையோடு அவர் மீண்டும் அதே தெருக்களுக்குப் போனார். பழைய படங்களை எடுத்துச் சென்று, ‘இவர் எங்கே இருக்கிறார்’ என்று விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தார். 1992இல் மறுபடியும். ஒருவரின் மூன்று படங்களை அருகருகே வைத்த ‘டிரிப்டிக்ஸ்’ நூல் 1994இல் வந்தது. கைக்குழந்தை இளைஞராகிறது, மெலிந்தவர் தடிக்கிறார், சிலர் இறந்துவிட்டபடியால் அடுத்த படம் இல்லை. நாவலாசிரியன் முந்நூறு பக்கத்தில் படாதபாடு பட்டுச் சாதிக்க முயலும் காலத்தின் நகர்வு இங்கே மூன்று சட்டங்களில் அடங்கிவிடுகிறது. முதல் படத்தின் பிரதி அவர்கள் கையில் சேராதிருந்தால் இரண்டாம் படத்துக்குக் கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே அவர் கொடுத்ததைத் தருமக் கணக்கில் எழுதுவது பிழை. கலைக்கே அது அடித்தளம்.

படங்கள் அப்பகுதியின் வறுமையைப் போக்கவில்லை. 1970களில் அவர் உருக்காலைத் தொழிலாளரை வேலையிடத்திலும் வீட்டிலும் படமெடுத்தார். 1983இல் லாக்கவானா உருக்காலையின் பெரும்பகுதி மூடப்பட்டது. எந்தப் படமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் வேலையிழந்தோரை அவர் மீண்டும் தேடிப் போனார். வரலாற்றாசிரியர் மைக்கேல் ஃபிரிஷ் அவர்களுடைய வாய்மொழியைப் பதிவு செய்ய, படமும் பேச்சும் இணைந்த ‘போர்ட்ரெய்ட்ஸ் இன் ஸ்டீல்’ 1993இல் வெளியாயிற்று. தாம்சனின் பெயர் தெரிய 42 ஆண்டுகள் ஆயின என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

1999இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவருடைய படத்தொகுப்பைப் பெற்றுக்கொண்டது. அதன்பின்னும், தொண்ணூறு கடந்த வயதில், ஆனும் அவரும் நான்காம் முறையாக அத்தெருக்களில் கதவு தட்டினர். 2003இல் ஆன் மறைந்தார். 2011 ஜனவரியில், 101ஆம் வயதில், பஃபலோவிலேயே ரோகோவினும் மறைந்தார். அந்நூலகத்தில் பாதுகாக்கப்படும் முகங்களின் முதற்பிரதிகள் அவரவர் வீடுகளுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தன.