இளவரசனை யார் நடித்தது?

நாடகம் முடிந்ததும் நாங்கள் சொல்லுற பெரிய பாராட்டு, "ஆள் பாத்திரமாவே மாறிட்டார்" என்பதுதான். பாத்திரமாக மாறாமலே வரலாற்றில் நின்ற ஒரு நடிகரைப் பற்றிப் பேசுவோம்.

1959இல் போலந்தின் ஓபோலே நகரில் ஒரு சின்ன அரங்கைப் பொறுப்பேற்றார் ஜேர்சி குரோட்டோவ்ஸ்கி. ஒப்பனை, பெரிய காட்சியமைப்பு, பதிவுசெய்த இசை என ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். கழிக்க முடியாமல் மிஞ்சியவை இரண்டு: நடிகர், பார்வையாளர். இதுவே 'வறிய அரங்கு'.

1965இல், விரோட்ஸ்வாஃப் நகரில், கால்டெரோனின் 'உறுதி குலையா இளவரசன்' நாடகத்தை ஆற்றுகை செய்தார்கள். சிறைப்பட்டு வதைபட்டுச் சாகும் இளவரசனாக ரிஷார்ட் சீஷ்லாக். பார்வையாளர்கள் உயரமான மரத்தடுப்புக்கு மேலால் அவரைக் குனிந்து பார்த்தார்கள்.

ஆனால் மாதக்கணக்கான ஒத்திகையில் சீஷ்லாக் தேடியது வலியை அல்ல. தன் பதின்வயதுக் காதல் அனுபவமொன்றின் நினைவை, சின்னச் சின்ன அசைவாக உடலில் மீட்டெடுத்தார். வசனமும் சுற்றியிருந்த நடிகர்களும் சேர்ந்தபோது, வதைபடும் இளவரசனைப் பார்வையாளர்கள் தாங்களே கண்டுகொண்டார்கள்.

துயரம் எண்டால் அழுது காட்டவேணும் எண்டு பழகிய எங்களுக்கு இது பெரிய கேள்வி. இவ்வளவு இழப்பைக் கண்ட பார்வையாளர்களுக்கு முன்னால், வலியைப் போலச் செய்து காட்ட எங்களுக்கு என்ன தேவை? எங்களிடம் உள்ள உண்மை ஒன்றைக் கொடுத்தால், மிச்சத்தை அவர்கள் அறிவார்கள்.